நூறு சதவீத ஃபிளெக்ஸும் ஆறாம் வகுப்பு வகுத்தல் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாள் மாவட்ட வாரியான தேர்ச்சிப் பட்டியலைப் போடுகிறீர்கள். அதற்கு அடுத்த நாள் 'நூறு சதவீதம் பெற்ற அரசுப் பள்ளிகள்' என்று ஒரு பெட்டிச் செய்தி. ஒரு வாரத்துக்குள் அந்தியூர், கோபி, நம்பியூர் பக்கமெல்லாம் பள்ளி மதிலில் ஃபிளெக்ஸ் ஏறிவிடுகிறது. ஊர்க்காரர்கள் அந்த ஓர் எண்ணை வைத்துத்தான் பள்ளிக்கூடம் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். எண் இறங்கினால் ஜூனில் பிள்ளை தனியார் பள்ளியின் மஞ்சள் வேனில் ஏறிவிடுகிறது. கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளி விஷயத்தில் அந்த எண் ஏன் ஏமாற்றும், பழுது எந்த இடத்தில் விழுகிறது, ஊர் என்ன கேட்கலாம் என்பதை எழுதுகிறோம். கடிதம் நீளம்தான். இடம் போதாவிட்டால் எங்கள் அபிப்பிராயங்களை வெட்டிக்கொள்ளுங்கள், கணக்குகளை விட்டுவையுங்கள்.

டவுன் பள்ளியில் பத்தாம் வகுப்பு என்றால் 200, 300 பேர். கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் 20, 25 பேர் இருந்தாலே அதிகம். 23 பேர் எழுதும் பள்ளியில் ஒரே ஒரு பையன் கணக்கில் 34 வாங்கினால் தேர்ச்சி 95.65 சதவீதம்; இரண்டு பேர் என்றால் 91.3. போன வருஷம் நூறு, இந்த வருஷம் 91 என்றதும் ஆய்வுக் கூட்டத்தில் தலைமையாசிரியரை எழுப்பி நிற்கவைத்து விளக்கம் கேட்கிறார்கள். பள்ளியில் ஒன்றுமே மாறியிருக்காது; ஒரு பிள்ளைக்குத் தேர்வு வாரத்தில் அம்மை போட்டிருக்கும். சின்னப் பள்ளியை மூன்று வருஷத்தைக் கூட்டித்தான் பார்க்க வேண்டும். மூன்று வருஷத்தில் எழுதியவர் 68, தேறியவர் 64 என்றால் அது எதையோ சொல்கிறது. ஒரு வருஷத்து எண் எதையும் சொல்லாது.

அவிநாசிலிங்கம் செட்டியார், சி.சுப்பிரமணியம், செங்கோட்டையன் என்று மூன்று கல்வி அமைச்சர்களைக் கொடுத்த கொங்குச் சீமை இது. 2017-ல் மாநில ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது செங்கோட்டையன் காலத்தில்தான். நல்ல காரியம். ஆனால் ரேங்க் ஒழிந்ததே தவிர அந்த வெறி ஒழியவில்லை. பள்ளி வாரியான சதவீதத்துக்கு இடம் மாறிக்கொண்டது.

இன்னொரு சங்கதி. 2024 பிளஸ் 2 தேர்வில் மாநிலத்தில் முதலிடம் திருப்பூருக்கு, 97.45 சதவீதம். அடுத்து ஈரோடும் சிவகங்கையும் 97.42. 2025-ல் அரியலூருக்கு அடுத்தபடி ஈரோடு 97.98, திருப்பூர் 97.53. கொங்கு நாட்டுக்குப் பெருமைதான். அதே இரண்டு வருஷத்துப் பத்தாம் வகுப்புப் பட்டியலில் முதல் மூன்று இடங்களைப் பாருங்கள்: 2024-ல் அரியலூர், சிவகங்கை, ராமநாதபுரம். 2025-ல் சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி. கொங்கு மாவட்டம் ஒன்றைக்கூடக் காணோம். பிளஸ் 2-வில் கொடி பறக்கும் மாவட்டம் பத்தாவதில் ஏன் பின்னால் நிற்கிறது? விடுதியோடு நடக்கும் தனியார் பள்ளிகள் பிளஸ் 2 எண்ணைத் தூக்குவது ஒரு பக்கம். எங்கள் பார்வையில் அதைவிடப் பெரிய காரணம், பத்தாவதில் தடுமாறிய பிள்ளை இங்கே பிளஸ் 2 வரைக்கும் வருவதே இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டவோ செக்கிங்குக்கோ ஆள் வேண்டும், பல்லடம் சோமனூரில் தறிக்கு ஆள் வேண்டும், நூல் மில்லின் வேன் ஊருக்குள்ளேயே வந்து ஏற்றிக்கொள்கிறது. வேலை இல்லாத மாவட்டத்தில் பையன் வேறு வழியில்லாமல் பிளஸ் 1 சேருவான். இங்கே சனிக்கிழமையானால் கையில் சம்பளம் வாங்கும் வேலை பக்கத்து ஊரிலேயே கிடக்கிறது. இப்படிச் சல்லடையில் சலித்த பிறகு எடுக்கும் சதவீதம் உயர்ந்துதான் இருக்கும்.

பத்தாம் வகுப்புச் சதவீதமும் சலித்த பிறகு எடுப்பதுதான். தேர்ச்சி விழுக்காடு என்பது பரீட்சைக்கு வந்து எழுதியவர்களில் எத்தனை பேர் என்ற கணக்கு. ஓர் எடுத்துக்காட்டு: ஆறாம் வகுப்பில் 31 பேர் சேர்ந்தார்கள் என்று வையுங்கள். ஒன்பதாவதில் ஆகஸ்ட் 1-ம் தேதி, பணியிட நிர்ணயத்துக்குக் கணக்கெடுக்கும் அன்று, 27 பேர். அடுத்த வருஷம் நாமினல் ரோலில், அதாவது பரீட்சைக்குப் பதியும் பெயர்ப் பட்டியலில், 24. பரீட்சைக்கு வந்தது 23. தேறியதும் 23. ஃபிளெக்ஸில் நூறு. ஆறில் சேர்ந்தவர்களை வைத்துப் பார்த்தால் 74. மீதி எட்டுப் பேரில் சிலர் முறையாக டி.சி. வாங்கி வேறு பள்ளிக்குப் போயிருப்பார்கள், அதில் குற்றம் இல்லை. ஆனால் ஒன்பதாவதிலேயே 'இவன் எழுதினா ரிசல்ட் போயிரும்' என்ற பேச்சைக் காதில் வாங்கி நின்றுகொண்டவர்களும் அந்த எட்டில் உண்டு. நூறு சதவீதம் கேட்டு நெருக்கினால் அதை அடைய இரண்டு வழி: படிப்பைக் கூட்டுவது, தலையைக் குறைப்பது. இரண்டாவது சுலபம்.

இனி பழுது எங்கே என்பதற்கு வருகிறோம். பத்தாவதில் தவறும் பிள்ளை பெரும்பாலும் கணக்கில்தான் தவறும். அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்குப் போய்விடுகிறது. அதில் 15-ம் எழுத்துத் தேர்வின் 75-ல் 20-ம் வேண்டும், மொத்தத்தில் 35 வேண்டும். செய்முறையில் குறைபவர் அபூர்வம் என்பதால் 75-க்கு 20 எடுத்தால் கரையேறிவிடலாம். கணக்குக்கு அந்தத் தாங்கல் கிடையாது. 100-க்கு 35, எல்லாம் தாளில். அந்த 35 வராமல் போவது பத்தாம் வகுப்புப் பாடத்தால் என்று நினைக்கிறார்கள். விடைத்தாளைப் புரட்டினால் வேறு கதை.

ஆறாம் வகுப்பில் ஜூன் இரண்டாம் வாரம் 936-ஐ 9-ஆல் வகுக்கச் சொல்லிப் பாருங்கள். பாதித் தாளில் விடை 14 என்று இருக்கும். 9-ல் 9 ஒரு தடவை போகும். 3-ஐ இறக்கினால் 9 போகாது. அங்கே ஈவில் ஒரு பூஜ்யம் போட்டுவிட்டுத்தான் அடுத்த 6-ஐ இறக்க வேண்டும். பிள்ளை பூஜ்யத்தை விழுங்கிவிட்டு 6-ஐயும் இறக்கி, 36-ல் நான்கு தடவை என்று முடித்துவிடுகிறது. 104 வர வேண்டியது 14 ஆகிறது. 'பூஜ்யம் போட மறந்துட்டே' என்று சிவப்பு மையில் எழுதினால் அடுத்த கணக்கில் தேவையில்லாத இடத்திலும் பூஜ்யம் போடும். அதற்கு மறதி இல்லை, இடமதிப்பு தெரியவில்லை. தொள்ளாயிரத்தை ஒன்பது பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு நூறு என்பது கைக்கு வந்திருக்கவில்லை. 14-ஐ 9-ஆல் பெருக்கச் சொன்னால் 126 வரும். 936 எங்கே, 126 எங்கே என்று தன் தப்பு தன் கண்ணுக்கே தெரிந்துவிடும். ஆனால் பெருக்கிச் சரிபார்க்கும் பழக்கமும் இருக்காது.

இதே பிள்ளை நான்கு வருஷம் கழித்துப் பத்தாவதில் இரண்டாம் இயலில் யூக்ளிடின் வகுத்தலைப் படிக்கும். மூன்றாம் இயலில் பல்லுறுப்புக் கோவைக்கு வகுத்தல் முறையில் வர்க்கமூலம் காணச் சொல்வார்கள். அது ஐந்து மதிப்பெண் கணக்கு. எண்ணையே வகுக்கத் தெரியாதவனுக்கு எக்ஸ் பவர் நாலை வகுக்கும் சூட்சுமத்தை டிசம்பர் ஸ்பெஷல் கிளாஸில் எப்படி ஏற்றுவது? எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. அது சரியான கொள்கை, மாற்றக்கூடாது என்பதே எங்கள் கட்சி. நிறுத்திவைத்தால் அந்தப் பிள்ளை மறு வருஷம் தறிக்குப் போயிருக்கும். ஆனால் நிறுத்தாமல் அனுப்புகிறோம் என்றால், தெரியாததை எந்த வகுப்பில் கற்றுக்கொடுப்பது என்பதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடம் கால அட்டவணையில் இல்லை.

இப்போதைக்கு இதற்கு ஒரு தனி அவசரம் உண்டு. 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த பிள்ளைகள் வகுப்பறையை முதன்முதலாகக் கண்டது 2021 நவம்பர் 1-ம் தேதி, இரண்டாம் வகுப்பில். சின்ன வகுப்புகளில் வாசிப்பையும் அடிப்படைக் கணக்கையும் உறுதிசெய்யும் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் வந்தபோது அவர்கள் மூன்றாவது. அந்தத் திட்டத்தை முழுசாக ஒன்றாம் வகுப்பிலிருந்தே அனுபவித்த கூட்டம் ஆறாம் வகுப்புக்கு வருவது 2027-ல்தான். முந்தின கூட்டம் 2025 ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டது. அவர்கள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதப்போவது 2030-ல். அந்த வருஷத்து முடிவை மாற்ற வேண்டுமென்றால் வேலை ஆறு, ஏழு, எட்டில்.

அந்த வேலை பெரிய செலவு பிடிப்பதில்லை. மூன்று சோதனை போதும்: மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தியைத் தனியாக உட்காரவைத்து வாசிக்கச் சொல்வது, 402-லிருந்து 178-ஐக் கழிப்பது, மேலே சொன்ன வகுத்தல். ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிஷம் என்றாலும் 30 பேருக்கு ஒரு மணி நேரம். கூட்டமாக 'எல்லாரும் வாசிங்க' என்றால் தெரியாதவன் வாயை மட்டும் அசைப்பான். தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும். பிறகு 6, 7, 8 மூன்று வகுப்பையும் ஒன்றாகச் சேர்த்து, வகுப்பைப் பார்க்காமல் தெரிந்த அளவைப் பார்த்து மூன்று கூட்டமாகப் பிரித்து, தினமும் முதல் பாடவேளை நாற்பது நிமிஷம் அதற்கென்றே விட வேண்டும். சாமான் என்று பார்த்தால் ஈர்க்குச்சிகள்: பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட பத்துக் கட்டு, உதிரி இருபது. கடன் வாங்கிக் கழிப்பது என்பது ஒரு கட்டை அவிழ்ப்பதுதான் என்று கையால் பார்த்த பிள்ளைக்கு அப்புறமேல் மறக்காது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மறுசோதனை வைத்து, தேறியவரை அடுத்த கூட்டத்துக்கு ஏற்ற வேண்டும்.

இது கெட்டுப்போகும் விதமும் தெரிந்ததுதான். மறுசோதனையை விட்டுவிட்டால் அடிக் கூட்டம் 'மக்குக் கூட்டம்' என்று பெயரெடுத்து உறைந்துவிடும், அப்புறம் ஒருவனும் வாயைத் திறக்க மாட்டான். ஆசிரியரைப் பயிற்சிக்கு இழுத்தாலோ, எமிஸ் எனும் பள்ளி விவர இணையதளத்தில் ஏற்ற வேண்டிய விவரம் இன்றைக்கே வேண்டும் என்று செய்தி வந்தாலோ முதலில் பலியாவது இந்தப் பாடவேளைதான். 2025-26-ல் அரசே 6 முதல் 9 வரை தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றுக்கும் 'திறன்' என்ற பெயரில் அடிப்படைப் பயிற்சியைக் கொண்டுவந்துவிட்டது. பயிற்சிப் புத்தகம் வருகிறது, தேர்வு வைக்கிறார்கள். நோக்கம் சரி. புத்தகத்தை நிரப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று ஆகாமல் இருக்க வேண்டும். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து நிரப்பிய புத்தகம் பார்வைக்கு அத்தனை சுத்தமாக இருக்கும்.

பத்தாம் வகுப்புக்கு வருவோம். கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. அந்த இரண்டு எட்டும் செய்முறை வடிவியலும் வரைபடமும். மெல்லக் கற்போர் என்று பெயர் வைத்துப் பிரித்த பிள்ளைகளுக்கு எல்லாப் பள்ளியிலும் அரையாண்டுக்குப் பிறகு நடப்பது ஒரே கூட்டல்: ஒரு மதிப்பெண் கேள்வியில் எட்டு, வடிவியலும் வரைபடமும் 16, இரண்டு மதிப்பெண்ணில் ஆறு கணக்கு 12; 36 வந்துவிட்டது, தப்பித்தான். இதைக் குறை சொல்லவில்லை. மூழ்குகிறவனுக்குக் கயிறு போடத்தான் வேண்டும். ஆனால் அந்த 16-கூட ஏன் கைநழுவுகிறது என்பதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்.

எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் எக்ஸ் மைனஸ் 12-க்கு வரைபடம். எக்ஸுக்கு −5 முதல் 4 வரை மதிப்புக் கொடுத்து அட்டவணை போட வேண்டும். −3 வரும்போது அதன் வர்க்கம் 9. 9−3−12, விடை −6. பிள்ளை −3-இன் வர்க்கத்தை −9 என்று போட்டு −24-க்கு வந்துவிடும். அந்தப் புள்ளி மற்ற புள்ளிகளோடு சேராமல் தாளின் அடியில் போய்க் கிடக்கும். அதையும் வளைவரையில் சேர்க்கப் பார்த்து அளவுத்திட்டத்தையே மாற்றி, அழித்து, தாளைக் கிழித்து, இருபது நிமிஷம் போய்விடும். சரியாகப் போட்டால் அந்த வரிசை 8, 0, −6, −10, −12, −12, −10, −6, 0, 8. இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் ஒன்றே. எக்ஸ் மதிப்புகளை வளைவரையின் சமச்சீர் அச்சுக்கு (இங்கே −1/2) இரண்டு பக்கமும் சமமாக எடுத்திருந்தால் அட்டவணை இப்படிக் கண்ணாடியாக வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் புள்ளி வைக்கும் முன்பே தப்பு அட்டவணையில் என்று தெரிந்துவிடும். இந்த ஒரு சோதனையைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிஷம் போதும். சொல்லிக்கொடுப்பதில்லை, ஏனென்றால் தேறினால் போதும் என்று கொடுக்கும் சுருக்கக் குறிப்பான மினிமம் மெட்டீரியலில் அது இல்லை. குறி பார்த்துப் பெருக்குவது ஏழாம் வகுப்புப் பாடம் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

வடிவியலில் வடிவொத்த முக்கோணம் வந்தால், அளவு காரணி 7/3 என்றால் கதிரில் ஏழு புள்ளி வைத்து, மூன்றாவது புள்ளியை முக்கோணத்தின் முனையோடு சேர்த்து, ஏழாவதிலிருந்து இணைகோடு வரைய வேண்டும். 3/7-க்குச் செய்வதை மனப்பாடம் செய்தவன் ஏழாவதைச் சேர்த்து மூன்றாவதிலிருந்து வரைவான். பெரிதாக வர வேண்டிய முக்கோணம் சிறுத்துப்போகும். காரணி ஒன்றுக்கு மேல் என்றால் முக்கோணம் வளரும் என்று உதவிப்படத்திலேயே போட்டுப் பழகியவன் தவற மாட்டான். தொடுகோட்டில் பெரும்பாலும் குற்றவாளி கவராயம். திருகு தளர்ந்த கவராயம் 3 செ.மீ.யில் தொடங்கி 3.3-ல் முடிக்கும், வட்டம் வாயை மூடாது. பள்ளியில் பத்து நல்ல கவராயமும் ஒரு சின்னத் திருப்புளியும் வாங்கி வைக்க ஊரில் ஒருவர் போதும். ஆண்டு விழாவுக்கு மேடை அலங்காரம் செய்யும் பணத்தில் இது கால் பங்குகூட ஆகாது.

ஆசிரியர் விஷயம். உயர்நிலைப் பள்ளியில் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஐந்துக்கும் ஆளுக்கொரு பட்டதாரி ஆசிரியர் என்பதுதான் சின்னப் பள்ளியின் நிலை. ஒருவர் போனால் அந்தப் பாடமே போனது. டவுன் பள்ளி மாதிரி இன்னொருவர் பார்த்துக்கொள்ள முடியாது. கலந்தாய்வில் கணக்கு ஆசிரியர் மாறுதல் வாங்கிப் போய், அடுத்தவர் வர நவம்பர் ஆனால் அந்தப் பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தைத் தாண்டியிருக்காது. பெற்றோர் இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியரை எடுக்கலாம். பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 15,000 ரூபாய் தொகுப்பூதியம். கணக்கில் பி.எட். முடித்தவர்கள் அந்தச் சம்பளத்துக்கு மலையடிவாரத்துக்கு வருவது சிரமம், ஆனாலும் ஜூனிலேயே தீர்மானம் போட்ட ஊரில் ஆள் கிடைத்துவிடுகிறார்; செப்டம்பரில் தேடத் தொடங்கினால் கிடைப்பதில்லை.

அறிவியலில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஒன்று. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் முதல் ஆறு பாடம் இயற்பியல், அடுத்த ஐந்து வேதியியல். ஒரே அறிவியல் ஆசிரியர் தாவரவியல் படித்தவராக இருந்தால் ஒளியியலும் மின்னோட்டவியலும் கேள்வி பதிலாகத்தான் நடக்கும். அவர் மேல் பழி இல்லை. பக்கத்து ஊர்ப் பள்ளியில் இயற்பியல் படித்தவர் இருப்பார். இரண்டு பள்ளித் தலைமையாசிரியர்களும் பேசி, வாரத்தில் ஒரு மதியம் இடம் மாற்றிக்கொள்ள வட்டாரத்தில் அனுமதித்தால் இரண்டு பள்ளிக்கும் லாபம். காகிதத்தில் இதற்கு இடமில்லை என்கிறார்கள். காகிதத்தை மாற்றலாம்.

ஆங்கில வழி பற்றியும் ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ள வேண்டாம். அரசுப் பள்ளியில் ஆங்கில வழிப் பிரிவு 2012-13-ல் பரவலாக வந்தது. தனியார் வேனோடு போட்டிபோட வேறு வழி தெரியவில்லை. ஆனால் சின்னப் பள்ளியில் அது தனி வகுப்பறையாக வருவதில்லை. 14 பேர் தமிழ் வழி, 9 பேர் ஆங்கில வழி, ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஒரே கரும்பலகை. பாடம் தமிழில் நடக்கும், பரீட்சை ஒன்பது பேருக்கு ஆங்கிலத்தில். வாசிக்கவே திணறும் பிள்ளையை அந்த ஒன்பதில் சேர்க்கும் முன் பெற்றோர் ஒரு தரம் யோசிக்க வேண்டும்.

நேரமும் வயிறும். காலை ஸ்பெஷல் கிளாஸ் எட்டரைக்கு. ஆறேகால் டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒன்பதரைக்கு என்றால் பிள்ளை விடியற்காலையில் வெறும் வயிற்றோடு ஏற வேண்டும். காலை உணவுத் திட்டம் 5-ம் வகுப்போடு நின்றுவிடுகிறது. இலவச சைக்கிள் பிளஸ் 1-ல்தான் வருகிறது. ஆக, நாலு கிலோமீட்டர் தோட்டத்துச் சாளையிலிருந்து வரும் ஒன்பது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டும் இல்லை. மாலை ஆறு மணிக்கு விட்டால் பெண் பிள்ளையை அனுப்பத் தயங்குகிறார்கள்; அதிலும் தப்பில்லை. சில ஊர்களில் காலையில் இட்லியோ சுண்டலோ ஊரார் செலவில் போடுகிறார்கள். 25 பேருக்கு அது நடக்கக்கூடிய காரியம். ஒன்பதரை பஸ்ஸை எட்டேகாலுக்கு மாற்றக் கோரிக் கிளை மேலாளருக்கு மேலாண்மைக் குழு தீர்மான நகலோடு மனு கொடுப்பது இன்னும் நல்லது. ஒரு சின்ன நேர மாற்றத்தில் ஆறேழு பிள்ளைகளின் வருகை நேராகிவிடும்.

நோம்பியை, அதாவது கோயில் திருவிழாவையும் சொல்லாமல் முடியாது. தைப்பூசப் பாதயாத்திரைக்கு வீட்டோடு பழனிக்கு நடந்தால் திருப்புதல் தேர்வில் மூன்று நாள் போகும். பங்குனியில் பண்ணாரி மாரியம்மன் கோயில் தீமிதியான குண்டம், ஊர் ஊருக்கு மாரியம்மன் பொங்கல், எல்லாம் பொதுத்தேர்வு நேரம். சாமி காரியத்தில் யாரும் கை வைக்க வேண்டாம். இரவு பத்து மணிக்கு மேல் குழாய் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டால் போதும், அது சட்டமும் கூட.

பள்ளி எப்படி இருக்கிறது என்று ஊர் தெரிந்துகொள்ள ஃபிளெக்ஸைவிட நல்ல கண்ணாடி ஒன்று எட்டாம் வகுப்பில் இருக்கிறது: என்.எம்.எம்.எஸ். எனும் திறன் படிப்புதவித் தேர்வு. 180 கேள்வி, பாதி மனத்திறன், பாதி பாடம். குடும்ப வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் 9 முதல் பிளஸ் 2 வரை மாதம் 1,000 ரூபாய், நாலு வருஷத்தில் 48,000. தமிழ்நாட்டுக்கு 6,695 இடம். அதை எட்டாம் வகுப்பில் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்று கேளுங்கள். யாருமே எழுதவில்லை என்றால் பள்ளி எட்டாம் வகுப்பைக் கவனிக்கவில்லை என்று அர்த்தம். ஒன்பதாம் வகுப்பில் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு மட்டும் ஊரகத் திறனாய்வுத் தேர்வு, மாவட்டத்துக்கு 50 பையன், 50 பெண். பணம் சின்னது, வருஷத்துக்கு 1,000 ரூபாய்தான். ஆனால் அதற்குப் படிக்கும் படிப்பு பத்தாவதில் நிற்கும்.

மெட்ரிக்கில் எட்டாவது வரை படிக்கவைத்து, ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு மாற்றி 7.5 சதவீத ஒதுக்கீட்டில் டாக்டர் ஆக்கலாம் என்று கணக்குப் போடும் பெற்றோர் இப்போது அதிகம். நடக்காது. 6 முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்தவர்களுக்கு மட்டும் வழி உண்டு. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் ஆயிரம் ரூபாய்க்கும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் பார்க்கிறார்கள். மாற்றுவதென்றால் ஆறிலேயே மாற்றுங்கள்.

ஆகையால் தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி வாரியான பட்டியல் போட்டால் சதவீதத்துக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று கட்டம் போடுங்கள்: ஒன்பதாவதில் ஆகஸ்ட் 1-ல் இருந்தவர் எத்தனை, கணக்கில் 35-லிருந்து 40-க்குள் வாங்கியவர் எத்தனை, செப்டம்பர் 1-ம் தேதி அந்தப் பிள்ளைகள் பிளஸ் 1, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், கம்பெனி என்று எங்கெங்கே இருக்கிறார்கள். மூன்றும் தலைமையாசிரியர் மேசையில் இருக்கிற விவரம்தான். நடுக் கட்டத்தில் கூட்டம் அதிகம் என்றால் அந்தப் பள்ளியின் நூறு சதவீதம் கயிற்றில் தொங்குகிறது. பிளஸ் 1-ல் கணக்குப் பிரிவு எடுக்க அங்கே ஆள் இருக்காது.

கடைசியாக, அவசரமாக, துணைத்தேர்வு. மே முடிவில் தவறிய பிள்ளை ஜூலைத் தொடக்கத்தில் தவறிய பாடத்தை மட்டும் எழுதித் தேறினால் அதே வருஷம் பிளஸ் 1 சேரலாம். வருஷம் வீணாகாது. விண்ணப்பிக்கச் சில நாள்தான் அவகாசம், பள்ளி மூலமாகவே போட வேண்டும். இங்கே நடப்பது என்னவென்றால், முடிவு வந்த திங்கட்கிழமையே பையன் 'கணக்கு வராதுங்க, நான் கம்பெனிக்குப் போறனுங்க' என்று திருப்பூர் பஸ் ஏறிவிடுகிறான். அவன் வாங்கியது 29. ஆறு மதிப்பெண். ஒரு வரைபடம் எட்டு. முடிவு வந்த அன்று மாலையே வகுப்பாசிரியரும் மேலாண்மைக் குழுவில் ஒருவரும் தவறிய பிள்ளையின் வீட்டுக்கு விண்ணப்பத்தோடு போக வேண்டும், ஜூன் முழுக்கத் தினமும் ஒரு மணி நேரம் கணக்கு மட்டும் நடத்த வேண்டும். நாலு பேருக்காக யார் வகுப்பு நடத்துவது என்பார்கள். 23 பேர் எழுதிய பள்ளியில் நாலு பேர் என்பது 17 சதவீதம். நூறு சதவீதப் பட்டியல் போடும் அதே நாளில், அதே பக்கத்தில், துணைத்தேர்வு விண்ணப்பத் தேதியைப் பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்கள் சிலர்,
அந்தியூர் – கோபி வட்டாரம்,
ஈரோடு மாவட்டம்.